ஒரு எட்டு பார்த்துவிட்டு வர வழியில்லாத நாட்கள்

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டுக்குள் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக வேண்டுமானால் அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு ஏற்கப்பட்ட காரணங்கள் மூன்று: திருமணம், அவசர மருத்துவம், நெருங்கிய உறவினரின் மரணம். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு மகனுக்குத் திருநெல்வேலிப் பக்கம் தனியாக இருக்கும் 78 வயது அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, மூச்சுத்திணறல் இல்லை. வீட்டில் கல்யாணம் எதுவும் நிச்சயமாகவில்லை. யாரும் சாகவும் இல்லை. அந்த மகன் காரணம் என்ற இடத்தில் எதை எழுதுவான்?

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்பது தமிழ்க் குடும்பங்களில் அன்றாடம் புழங்கும் பேச்சு. ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. போகும்போது கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ கால் கிலோ மிக்சரோ இருக்கும். திரும்பும்போது பையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இருக்கும். பெருந்தொற்றில் மூடப்பட்ட பள்ளிகள், கோயில்கள், கடைகள், தொழிற்சாலைகள் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. நின்றுபோன இந்த ஒரு எட்டைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் முதியோர் பராமரிப்பு என்பதே இந்தப் போக்குவரத்துதான். அதற்குச் சம்பளம் இல்லை, பதிவேடு இல்லை, துறை இல்லை. அதனால் அது அறுந்தபோது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

எத்தனை வீடுகள் என்ற கேள்வி முக்கியமானது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 விழுக்காடு. 2021க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்த இடம் இது. ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே குறைந்துவிட்ட மாநிலம் இது. பிள்ளைகள் குறைவு, இருப்பவர்களும் ஊரில் இல்லை. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலத்தைச் சேர்ந்தவர்களில் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணித்தது. சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சோழ மண்டலத்துத் தெருக்களிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் பூட்டிய மாடி அறைகளுக்குக் கீழே இரண்டு முதியவர்களோ, ஒருவர் போய்ச் சேர்ந்தபின் மற்றொருவர் மட்டுமோ வாழ்வது கொரோனாவுக்கு முன்பே வழக்கமாகிவிட்டது. அந்த வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்திருந்தது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஓடிய பேருந்துகளும், மாதம் ஒருமுறை சனிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் பிள்ளைகளும்தான்.

2020 மார்ச் 22 மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை ஆறு மணி முதல் மாநிலத்தில் தடை, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுதும் 21 நாள் ஊரடங்கு. இடையில் கிடைத்த ஒன்றரை நாளில் கோயம்பேடு பேருந்து நிலையம் பிதுங்கியது. முகக்கவசம் பாதிப் பேருக்கு இல்லை. அன்று பேருந்தில் இடம் பிடித்தவர்கள் பெற்றோருடன் அடைபட்டார்கள், பிடிக்காதவர்கள் பெற்றோரைப் பிரிந்து அடைபட்டார்கள். பல குடும்பங்களுக்கு அடுத்த ஐந்து மாதத்தை முடிவு செய்தது அந்த ஒரு மாலைதான்.

போகாமல் இருந்தவர்கள் எல்லாம் சீட்டு கிடைக்காமல் இருந்தவர்கள் அல்ல. பயந்து நின்றவர்கள் ஏராளம். அந்தப் பயத்துக்கு முழு நியாயம் உண்டு. 2020 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் தந்த கணக்கின்படி, நாட்டில் கொரோனாவால் இறந்தவர்களில் 53 விழுக்காட்டினர் 60 வயதை எட்டியவர்கள். மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று மத்திய உள்துறை மே மாத உத்தரவிலேயே சொல்லிவிட்டது. நகரத்திலிருந்து ஊருக்குத் திரும்புவது என்ன செய்யும் என்பதைக் கோயம்பேடு சந்தை காட்டியது. மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கு மூட்டை தூக்கியவர்களும் கடையில் நின்றவர்களும் அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று சொந்த ஊர்களுக்குப் போனார்கள். சில நாட்களில் அந்த மாவட்டங்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. வேலை போன மனிதன் வீட்டுக்குத்தான் போவான். ஆனால் வீட்டுக்குப் போவதே வீட்டிலிருக்கும் வயதானவருக்கு ஆபத்து என்றாகிவிட்ட நிலைமை இதற்கு முன் யாருக்கும் வாய்த்ததில்லை.

கிராமங்களும் தங்கள் வழியில் பதில் சொன்னன. முள் வெட்டிப் போட்டு ஊர் எல்லையை அடைத்த இடங்கள் உண்டு. சென்னையிலிருந்து யாராவது வந்தால் சுகாதாரத் துறைக்கு முதல் போன் பக்கத்து வீட்டிலிருந்தே போயிற்று. வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஒட்டப்படும் தாளைப் பார்த்து, மகன் வந்த சந்தோஷத்தை வெளியில் சொல்ல முடியாமல் பெற்றோர் தவித்தார்கள். ஐம்பது வருடம் ஒரே தெருவில் வாழ்ந்தவருக்கு அந்தத் தாள் பெரிய அவமானம்.

பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள்களின் பாடு இன்னொரு விதம். அனுமதிச் சீட்டு தேவைப்படாத தூரம் அது. மகள் வண்டியில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். முகக்கவசத்தைக் கழற்றமாட்டாள். மருந்தும் காய்கறியும் உள்ள பையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போவாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு, போட்டு வைத்த காபியை அதே திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே நகர்வாள். "உள்ள வந்து உக்காந்து குடியேன்" என்பாள் அம்மா. "வேணாம்மா, கடைக்கெல்லாம் போயிட்டு வரேன்" என்பாள் மகள். குடித்த டம்ளரைத் தானே தெருக் குழாயில் கழுவி வைத்துவிட்டுப் போவாள். விருந்தாளி டம்ளரைக் கழுவக் கூடாது என்று கற்ற வீட்டில், பெற்ற மகள் வாசலோடு கழுவி வைத்துவிட்டுப் போனது எத்தனையோ தாய்மார்களுக்கு இன்றும் ஆறாத விஷயம்.

நேரில் போவதில் அப்படி என்ன இருக்கிறது, போன் இருக்கிறதே என்று கேட்கலாம். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனமே குழு வீடியோ அழைப்பில் சேரக்கூடியவர்களின் எண்ணிக்கையை நான்கிலிருந்து எட்டாக்கியது. நியூ ஜெர்சி, சிங்கப்பூர், ஓசூர், மன்னார்குடி எல்லாம் ஒரே திரையில் வந்தன. பேரக்குழந்தைக்குப் பல் முளைத்ததைத் தாத்தா அப்படித்தான் பார்த்தார். அந்த அளவுக்கு அது பெரிய உதவி. ஆனால் போனில் அம்மா எப்போதும் சொல்வது "நல்லாத்தான் இருக்கேன், நீ சாப்டியா?" என்பது மட்டுமே. திரையில் பாதி நேரம் தெரிவது மின்விசிறியும் சுவரும் நெற்றியின் மேல்பாதியும்.

நேரில் போகும் பிள்ளை உட்காருவதற்கு முன்பே பல விஷயங்களைக் கவனித்துவிடுகிறது. தினசரிக் காலண்டரில் தேதி கிழிக்கப்படாமல் நிற்கிறதா, மாத்திரை அட்டையில் எத்தனை குழி காலியாகியிருக்கிறது, காலில் வீக்கம் இருக்கிறதா, சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் புண் ஏதும் உண்டா, கேஸ் புத்தகத்தில் கடைசிப் பதிவு எப்போது, குளியலறைத் தரை வழுக்குகிறதா, அப்பா நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறாரா, நேற்று சொன்ன கதையையே இன்றும் சொல்கிறாரா. இவை எதையும் பெற்றோர் தாமாகச் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைக்குக் கவலை என்பது ஒரு காரணம். தங்களுக்கே தெரியாது என்பது இன்னொரு காரணம். மறதி நோயின் தொடக்கமும் மனச்சோர்வும் காதுகேளாமையும் வீட்டுக்கு வந்து போகிறவர் கண்ணில்தான் முதலில் படும். மருத்துவர் பிறகுதான் வருகிறார். இந்த முதல் பார்வைதான் ஊரடங்கில் அறுந்தது.

அதனால்தான் அனுமதிச் சீட்டின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஜூன் 1 முதல் மாநிலம் எட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, சென்னையும் சுற்றியுள்ள மாவட்டங்களும் நீங்கலாக, மண்டலத்துக்குள் மட்டும் பேருந்துகள் ஓடின. ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்ததும், செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் ஊருக்குப் போகிற வண்டிகள் வரிசை கட்டின. சீட்டு இல்லாதவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜூன் 25 முதல் மண்டலத்துக்குள் மாவட்டம் தாண்டவும் இ-பாஸ் என்ற அந்தச் சீட்டு தேவைப்பட்டது. கேட்டவர்களில் பலருக்கு மறுப்பே பதிலாக வந்தது. சீட்டு வாங்கித் தரத் தரகர்கள் கிளம்பினார்கள், சென்னைக் காவல்துறை சிலரைக் கைது செய்தது. ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது குடும்ப அட்டை எண்ணுடன் விண்ணப்பித்த எல்லோருக்கும் சீட்டு உடனே கிடைத்தது. ஆகஸ்ட் 22இல் மத்திய உள்துறைச் செயலர், மாநிலங்களுக்குள்ளும் மாநிலங்களுக்கிடையிலும் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது என்று கடிதம் எழுதினார். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் முறை விலக்கப்பட்டது. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு மட்டும் தொடர்ந்தது. செப்டம்பர் 7இல் மாவட்டங்களுக்கிடையே பேருந்துகள் ஓடின.

ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஐந்து மாதத்தின் பெரும்பகுதியில் ஒரு மகனோ மகளோ மாவட்டம் தாண்டிப் பெற்றோரைப் பார்க்கப் போக வேண்டுமென்றால், ஒன்று பொய் சொல்ல வேண்டும், அல்லது பெற்றோர் ஆபத்தான நிலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். நேர்மையாக வாழ்ந்த எத்தனையோ பேர் இல்லாத நோய்க்கு மருத்துவச் சான்று தேடி அலைந்தார்கள். நோய்ப் பரவலைத் தடுக்கப் பயணத்தைக் குறைத்தது தவறே இல்லை. படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு போகலாம், படுக்காமல் பார்த்துக்கொள்ளப் போகக் கூடாது என்று விதியை அமைத்ததுதான் தவறு.

இது தமிழ்நாட்டு அதிகாரிகளின் குறை மட்டுமல்ல. உலகம் முழுக்க இதே இடத்தில் விதிகள் இடறின. நெதர்லாந்தின் அன்றைய பிரதமர் மார்க் ருட்டே, 96 வயதில் ஹேக் நகர முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த தாயை வாரக்கணக்கில் பார்க்கவில்லை. மார்ச் 20 முதல் அந்நாட்டு முதியோர் இல்லங்களுக்குள் பார்வையாளர்கள் வரத் தடை இருந்தது. மே 13இல் தாய் இறந்தார். கொரோனா காரணமல்ல. கடைசி இரவில் மட்டும் அவர் உடனிருக்க முடிந்தது. இது வெளியே தெரிந்தது மே 25ஆம் தேதி. அதே நாளில் லண்டனில், பிரிட்டிஷ் பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் பத்திரிகையாளர்களைச் சந்தித்து விளக்கம் தந்துகொண்டிருந்தார். ஊரடங்கு நடப்பில் இருந்தபோது, நோய் அறிகுறி தென்பட்ட மனைவியோடும் குழந்தையோடும் 400 கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி, டரம் பகுதியிலுள்ள தன் பெற்றோரின் பண்ணைக்கு அவர் போயிருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது என்றார். தாயின் மரணப் படுக்கைக்கே போகாமல் விதிக்குக் கட்டுப்பட்டு நின்ற ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. இந்தியாவில் உத்தரப் பிரதேச முதலமைச்சர் யோகி ஆதித்யநாத், ஏப்ரல் 20இல் இறந்த தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. ஊரடங்கைக் காரணம் சொன்னார்.

விதியைக் கொஞ்சம் நெகிழ்த்திப் பார்த்த நாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் 2020 ஜூன் 13 முதல், தனியாக வாழ்பவர் வேறொரு குடும்பத்தை மட்டும் தன் வீட்டோடு சேர்ந்ததாகக் கருதிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அந்த இரண்டு வீடுகளுக்குள் தூர விலகல் கிடையாது, ஒருவர் வீட்டில் மற்றவர் தங்கலாம். தனியாக இருக்கும் ஒரு தாய் மகள் வீட்டோடு சேர்ந்துகொள்ள இது போதும். நோய் பரவும் வழி ஒன்றோடு நின்றது, மனித முகம் ஒன்றாவது கிடைத்தது. எளிமையான இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் யாரும் முயன்று பார்க்கவில்லை என்பது வருத்தம்தான்.

இன்னொரு முனையில் ஆஸ்திரேலியா நின்றது. 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை அந்நாட்டுக் குடிமக்களே அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது. 2021 மே மாதத் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து திரும்பும் தன் குடிமக்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றுகூட அந்த அரசு எச்சரித்தது. சிட்னியிலும் மெல்போர்னிலும் குடியேறிய தமிழர்கள் பெற்றோரை அங்கே வரவழைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எல்லை விதிகளில் நெருங்கிய குடும்பம் என்ற சொல்லுக்குள் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வளர்ந்த பிள்ளையின் தாய் தந்தை இல்லை. 2021 நவம்பர் 1 முதல்தான் பெற்றோரும் நெருங்கிய குடும்பம் என்று அந்த விதி மாற்றப்பட்டது. பெற்றவர்கள் நெருங்கிய உறவா என்று ஒரு சட்டம் இருபது மாதம் யோசித்தது தமிழ்க் காதுக்கு நம்ப முடியாததாக ஒலிக்கும். ஆனால் நம் இ-பாஸ் படிவமும் உயிரோடு இருக்கும் தாயைப் பார்க்கப் போவதைக் காரணமாக ஏற்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டால், குறை அங்கே மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இந்தியாவே கதவடைத்த காலமும் இருந்தது. 2020 மார்ச்சில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட இந்திய வம்சாவளியினர் வைத்திருந்த விசா தேவையில்லாப் பயண உரிமையும் நிறுத்தப்பட்டது. மே 22இல் குடும்பத்தில் மரணம் போன்ற சில நெருக்கடிகளுக்கு மட்டும் அது தளர்ந்தது. மறுபடியும் மரணம்தான் அனுமதிச் சீட்டு. வெளிநாடுகளில் சிக்கியவர்களைக் கூட்டி வந்த வந்தே பாரத் விமானங்கள் மே 7இல் தொடங்கின. கொழும்பில் சிக்கியிருந்த ஏறக்குறைய 700 பேரை ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் ஜூன் தொடக்கத்தில் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தது. வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27இல். அதாவது இரண்டு ஆண்டுகள்.

தூரம் ஒரு பொருட்டே அல்ல என்பதற்கு மலேசியாவும் சிங்கப்பூரும் சாட்சி. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். தொற்றுக்கு முன் தினமும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லையைக் கடந்தார்கள். அவர்களில், காலையில் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் இரவில் அம்மா சமைத்ததைச் சாப்பிட வீடு திரும்பிய மலேசியத் தமிழர்களும் உண்டு. 2020 மார்ச் 18இல் அது நின்றது. வேலையைக் காப்பாற்ற அக்கரையிலேயே தங்கியவர்களுக்கு இடையில் சில சிறப்பு ஏற்பாடுகள் வந்தன, போயின. தனிமைப்படுத்தலின்றிப் பேருந்தில் கடக்க 2021 நவம்பர் 29 வரை காத்திருந்தார்கள். அன்று ஜொகூர் பாருவின் லார்கின் பேருந்து நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதவர்களின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. மலேசியாவுக்குள்ளேயும் 2020 தீபாவளி நேரத்தில் பெரும்பாலான மாநிலங்களில் கட்டுப்பாடு இருந்தது. மாநிலம் தாண்டும் தடை நீங்கியது 2021 அக்டோபர் 11இல், வயதுவந்தோரில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டு முடித்த பிறகு. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 4. ஈப்போவுக்கும் சுங்கை பட்டாணிக்கும் பிள்ளைகள் வந்த தீபாவளி அது.

இலங்கையில் துயரம் வேறு உருவில் வந்தது. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே தீர வேண்டும் என்ற உத்தரவு 2021 பிப்ரவரி வரை நீடித்தது. பிறகு அனுமதி கிடைத்தபோதும், மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில்தான் அடக்கம் செய்ய முடிந்தது. கொழும்பில் இறந்த தந்தைக்குச் சொந்த ஊரில் ஆறடி நிலமில்லை.

பிரிவின் கதைகளுக்கு நடுவே சேர்ந்திருந்த கதைகளையும் விட்டுவிடக் கூடாது. வீட்டிலிருந்து வேலை என்ற உத்தரவு வந்ததும் பழைய மகாபலிபுரம் சாலையின் விடுதிகள் காலியாயின. கல்லூரிக்குப் போனதிலிருந்து விருந்தாளி போலவே வீட்டுக்கு வந்து போன பிள்ளைகள், பதினைந்து வருடம் கழித்து ஒரு வருடம் முழுக்க அப்பா அம்மாவோடு இருந்தார்கள். நெல் காயும் முற்றத்தின் ஓரத்தில் மடிக்கணினி, சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடியில் அலுவலகக் கூட்டம். அப்பாவின் ரத்த அழுத்தம் எவ்வளவு, அம்மா இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாள் என்பதெல்லாம் அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தது. உரசல்களும் இருந்தன. மூன்று வேளையும் எல்லோருக்கும் சமைத்து, மாமனார் மாமியாரைக் கவனித்து, குழந்தைக்கு ஆன்லைன் வகுப்பு வைத்து, தன் அலுவலக வேலையையும் பார்த்த மருமகள்களிடம் அந்த வருடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தப் பதிலையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

பெற்றோருக்கென்றே உள்ள சடங்குகளும் தவறிப்போயின. திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்வது பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்யும் கடமையாகவே கருதப்படுகிறது. கோயில்கள் 2020 மார்ச்சில் மூடப்பட்டுப் பெரும்பாலும் செப்டம்பர் 1இல்தான் திறந்தன. அறுபதாம் வயது அடுத்த வருடம் வராது. கூடத்தில் ஒரு குத்துவிளக்கும், நான்கு பேரும், திரையில் மற்றவர்களுமாக முடிந்த அறுபதாம் கல்யாணங்கள் பல. இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்ற வரம்பு இருந்தது. துபாயிலிருந்து மகன் போனில் பார்க்க, பங்காளி மகன் கொள்ளி வைத்த வீடுகள் தஞ்சை, ராமநாதபுரம் மாவட்டங்களில் உண்டு. கொள்ளி வைக்க வேண்டியவன் திரையில் இருந்து "அப்பா முகத்த ஒரு தடவ காட்டுங்க" என்று கேட்பது எப்படி இருந்திருக்கும் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இரண்டாம் அலை வந்தபோது நிலைமை கைமீறியது. 2021 மே 21இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. முதல் அலையின் உச்சத்தைப் போல ஐந்து மடங்கு அது. ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இரவெல்லாம் வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதி நோயாளிகளின் பிள்ளைகள்தான். மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு. அதற்கு முன் இரண்டு நாள் ஊருக்குப் போகப் பேருந்துகள் விடப்பட்டதில், முந்தைய ஆண்டின் பாடம் கொஞ்சம் தெரிந்தது. இன்னும் முக்கியமான மாற்றம் மே 17இல் தொடங்கிய இ-பதிவு முறையில் இருந்தது. அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம், பதிவு செய்துவிட்டுப் போகலாம். காரணங்களின் பட்டியலில் மருத்துவம், மரணம், திருமணத்தோடு புதிதாக ஒன்றும் சேர்ந்திருந்தது: முதியோர் பராமரிப்பு. பலர் திருமணத்தின் பேரில் பதிவு செய்ததால் அந்தக் காரணம் இடையில் சிறிது காலம் நீக்கப்பட்டது. முதியோர் பராமரிப்பு நிலைத்தது. ஓராண்டுக்கு முன் எழுத இடமில்லாமல் நின்ற அந்த மகனுக்கு ஓர் இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு செய்த சின்னத் திருத்தங்களில் இதைவிட மனிதத்தன்மையுள்ள ஒன்றைக் காட்டுவது கடினம்.

தடுப்பூசியும் பெற்றோரைத் தேடிப் போக வழி திறந்தது. 2021 மார்ச் 1இல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடங்கியது. ஒரு கைபேசி எண்ணில் அப்போது நான்கு பேர் வரை பதிவு செய்ய முடிந்ததால், டெக்சாசில் இருக்கும் மகள் தேனியில் இருக்கும் அப்பாவுக்கு நேரம் பிடித்துக் கொடுத்தாள். எண் அப்பாவுடையதானால் ஓ.டி.பி. அவர் கைபேசிக்கு வரும். அதைப் படித்துச் சொல்ல அவருக்குக் கண்ணாடி வேண்டும். அமெரிக்காவின் நள்ளிரவில் "ஒவ்வொரு நம்பரா சொல்லுங்கப்பா" என்ற குரல் எத்தனை வீடுகளில் ஒலித்ததோ!

பிள்ளைகள் வர முடியாத வீட்டுக்கு அரசு வர முடியுமா? முடியும் என்பதற்கு அதே காலத்திலேயே சான்றுகள் உள்ளன. ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதற்கான சான்றை 70 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொள்ளும் சேவையை அஞ்சல் துறை 2020 நவம்பரில் தொடங்கியது. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைக் கடந்தவர்களின் வாக்கை அலுவலர்கள் வீடு தேடிப் போய்ப் பெற்றார்கள். முதியோருக்கான 14567 உதவி எண் தமிழ்நாட்டில் இயங்கத் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு போனது. அதற்கு ஓராண்டு முன்பு, 2020 ஆகஸ்ட் 4இல், முன்னாள் மத்திய அமைச்சர் அஸ்வனி குமார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், முதியோர் ஓய்வூதியத்தைத் தவறாமல் கொடுக்கவும் தனியாக வாழும் முதியோருக்கு மருந்தும் முகக்கவசமும் கிடைக்கச் செய்யவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருந்தது.

மாத்திரை வீட்டுக்கு வரலாம், வாக்குச்சீட்டும் வரலாம். ஆனால் மாத்திரை கொண்டு வரும் ஊழியரால் காலண்டர் கிழிக்கப்படாததைக் கண்டு துணுக்குற முடியாது. அவர் பல வீடுகளுக்குப் போக வேண்டியவர். பிள்ளைகளின் வருகைக்கு மாற்று கிடையாது. அதனால் அதற்குப் பாதுகாப்பான வழியைத்தான் முன்கூட்டியே அமைக்க வேண்டும். தனியாக வாழும் ஒவ்வொரு முதியவரும் தன்னைப் பார்க்க வரக்கூடிய ஒருவரின் பெயரைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வார்டு அலுவலகத்திலோ பதிவு செய்து வைக்கலாம். மகனோ, மகளோ, தங்கை பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ யாராகவும் இருக்கட்டும். ஊரடங்கு அறிவிக்கும் நாளிலேயே அந்த ஒருவருக்கு மட்டும், பரிசோதனையும் முகக்கவசமும் நிபந்தனையாக, போய்வர உரிமை இருக்க வேண்டும். பேரிடர் மேலாண்மைத் திட்டங்களில் இதை இப்போதே எழுதிவிட முடியும். புதிய சட்டம் தேவையில்லை. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இருந்த அந்த ஒரு வரியை நிலையானதாக்கினாலே போதும்.

2031இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 18.2 விழுக்காடாக இருப்பார்கள் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. அடுத்த ஊரடங்குக்குப் படிவம் தயாரிக்கப் போகிறவர்கள், காரணங்களின் பட்டியலில் "பெற்றோரைப் பார்க்க" என்பதை முதல் வரியாக எழுதட்டும்.